என் கால் போடாத பிரேக்

வேலைச் சீட்டில் சாதிக்கின் கோணல் எழுத்து:
"வண்டி தானே பிரேக் போடுது.
கஸ்டமர் போடலை. சத்தியம் பண்றார்."

இனி இதில் மலை இறங்கமாட்டேன் என்று
எஸ்டேட் கேட்டில் காரை நிறுத்திவிட்டார் அருமைநாயகம்.
ஆகவே ஒர்க்‌ஷாப் ஆம்னியில் நாங்கள் ஏறினோம்.
ஸ்கேனர், லேப்டாப், ஒரு பொட்டலம் முட்டை போண்டா.
கோரிமேடு தாண்டும்போதே தூறல்.

"முப்பத்தொரு வருஷமா இந்த ரோட்டுல ஓட்டறேன்.
என் காலைக் கேக்காம அது எப்படிப் போடலாம்?"
கோபம் பிரேக்கின் மேல் இல்லை.
படித்துக்கொண்டிருக்கும்போது
யாரோ விளக்கை அணைத்துவிட்ட கோபம்.

நான் ஓட்டினேன். பக்கத்தில் சாதிக், மடியில் எண்கள்.
அவர் பின் சீட்டில்,
இல்லாத பிரேக்கை மிதித்தபடி.

நான்கு சக்கரம், நான்கு பத்தி.
ஒவ்வொன்றின் அச்சிலும் பல் வைத்த வளையம்,
பல் கடக்கக் கடக்க எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு காது.
ஸ்டியரிங் தண்டில் ஒன்று:
நான் எங்கே போக நினைக்கிறேன்.
இரண்டு சீட்டுக்கும் நடுவே, கம்பளத்துக்கு அடியில்,
விரல்நகம் அளவில் இன்னொன்று:
வண்டி நிஜத்தில் எவ்வளவு திரும்புகிறது.
மீதியெல்லாம்
இந்த இரண்டுக்கும் நடுவிலான தகராறு.

பதினாலாவது வளைவு.
சில்வர் ஓக் இலைகள் நனைந்து தாரில் ஒட்டிக் கிடந்தன.
வலது பக்கம் ஒடித்தேன்.
மூக்கு கேட்கவில்லை.
கட்டை அவிழ்த்துக்கொண்ட கன்றாக
நேரே கைப்பிடிச் சுவரைப் பார்த்து

கர்ர்ர்.
காலடியில் யாரோ எதையோ அரைக்கிறார்கள்.
என் கால் பிரேக்கில் இல்லை.
மூன்று பத்தி முப்பதை ஒட்டியே நிற்க
வலது பின்சக்கரம் மட்டும் பத்தொன்பதுக்கு விழுந்தது.
அந்த ஒன்றைப் பிடித்து இழுத்து
மொத்த வண்டியையும் உள்ளே திருப்பியது.
மஞ்சள் விளக்கில் ஒரு குட்டிக் கார்,
பின்னால் இரண்டு நெளிகோடு,
மூன்று சிமிட்டல். சுவர் விலகிப் போனது.

"பாத்தியா? பாத்தியா?" என்றார் பின்னாலிருந்து,
கேஸ் ஜெயித்த குரலில்.

சொல்லிப் பார்த்தேன்.
மூக்கு விலகினால் உள்பக்கப் பின்சக்கரத்தைப் பிடிக்கும் சார்,
வால் வீசினால் வெளிப்பக்க முன்சக்கரத்தை.
சேற்றில் ஏறும்போது ஒரு சக்கரம் சும்மா சுற்றினால்
அதன் காதைத் திருகி
இன்ஜின் வாயையும் பொத்துகிற ஒன்று உண்டு,
அது இதற்குத் தம்பி.
"ஃப்யூஸைப் பிடுங்கிடும்மா" என்றார்.

பத்தாவது வளைவில் ஓரங்கட்டினேன்.
குடையில்லாமல் இறங்கி
முன் டயரின் பள்ளத்தில் ஒற்றை ரூபாயைச் செருகப் பார்த்தேன்.
செருகப் பள்ளம் இல்லை.
இன்னொன்றிலும் இல்லை.

சார், இந்த மலையில் நம்மைப் பிடித்திருப்பது
நாலு உள்ளங்கை அளவு ரப்பர்.
இந்தப் பெட்டி புதிதாக ஒரு பைசா பிடிப்பும் சம்பாதிக்காது.
இருப்பதைப் பங்கு பிரிக்கும், அவ்வளவுதான்.
இல்லாத வீட்டில் என்னத்தைப் பிரிக்க?

அவர் முட்டிபோட்டு டயரைத் தடவினார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல்.
நாங்கள் மூவரும் குனிந்திருந்த நேரம்
திறந்த கதவு வழியே ஒரு குரங்கு
போண்டாப் பொட்டலத்தோடு மரமேறியது.
முதலில் சிரித்தவர் அவர்தான்.

மேகம் ஒரு கை விலக
கீழே வெள்ளைக்கல் சுரங்க மேடுகள், ஈரச் சாம்பலாய் சேலம்.
"நாலு டயர் என்ன ஆகும்?"
சாதிக் விலை சொன்னான். அவர் பேரம் பேசவில்லை.
ஃப்யூஸைப் பற்றியும்.

சீட்டில் எழுதினேன்:
பழுது, டயர் நான்கு.
பிரேக் போட்டது சரி.

மேலே நின்ற ஆம்னியை எடுக்க
சாயங்கால பஸ்ஸில் போனேன்.
இறங்கும்போது பதினாலாவதில்
அதே இலைகள், இன்னும் கொஞ்சம் கூடுதலாக.
ஆம்னியில் காதும் கிடையாது, கம்பளத்துக்கடியில் நகமும் கிடையாது.
இரண்டாம் கியர்.
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான்.
அடிக்கட்டும்.